கதவைத் திறக்கும் பிள்ளையை யார் விசாரிப்பது?

சென்ற மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில், ஸ்காபரோவில் ஒரு வீட்டுக்கு நோய் விசாரிக்கச் சென்றிருந்தோம். அவ்வீட்டின் இளைய மகனுக்கு ஏழு வயது. குருதிப் புற்றுநோய் என்று கண்டறியப்பட்டு மூன்று மாதங்கள் ஆகின்றன. வழக்கம்போல் அப்பிளும் தோடம்பழமும் ஒரு போத்தல் நெல்லிரசமும் வாங்கிக்கொண்டு போனோம். கதவைத் திறந்தவள் பன்னிரண்டு வயது மூத்த மகள். அவளைக் கண்டதும் எம் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "தம்பி எப்படியம்மா?" என்பதுதான்.

"இப்ப பரவாயில்லை மாமா, நித்திரையாயிருக்கிறான்" என்று பதில் சொல்லிவிட்டு, எமது மேலங்கியை வாங்கி மாட்டினாள். தேநீர் போட்டுத் தந்தாள். எமக்குப் பின் வந்த இரு குடும்பங்களுக்கும் கதவைத் திறந்தாள். அவர்களும் அதே கேள்வியைக் கேட்டார்கள். அவளும் அதே பதிலைச் சொன்னாள். ஒன்றரை மணித்தியாலம் அங்கு இருந்தோம். அத்தனை பேரில் ஒருவராவது அந்தப் பிள்ளையிடம் அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. திரும்பும் வழியில் மின்தூக்கியில் இறங்கும்போதுதான் அது நெஞ்சில் உறைத்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் எமது வீட்டுக் கதவையும் இப்படித்தான் ஒரு பிள்ளை திறந்துகொண்டிருந்தாள். வேறு யார் மறந்தாலும் நாம் மறந்திருக்கக் கூடாது.

எம்மவரின் நல்ல குணத்தைக் குறைகூறுவதற்காக இதை எழுதவில்லை. ஒரு வீட்டில் துன்பம் என்றால் ஓடிவருவதில் ஈழத்தமிழர் எவருக்கும் பின்நிற்பவரல்லர். ஊர்ச் சங்கங்கள் பணம் சேர்க்கின்றன. பெண்கள் முறைவைத்துச் சோறும் கறியும் சமைத்தனுப்புகின்றனர். கோவிலில் அர்ச்சனையும் தேவாலயத்தில் செபமும் நடக்கின்றன. ஆனால் இவையெல்லாம் நோயுற்ற பிள்ளையையும் அதன் தாயையும் நோக்கியே போகின்றன. தகப்பனுக்கும் ஓரளவு கிடைக்கும். மற்றப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால், "அதுகள் கடவுளே எண்டு நல்லாயிருக்குதுகள்" என்ற ஒரே வசனத்தோடு பேச்சு முடிந்துவிடும். அந்த வசனத்தைப் பற்றித்தான் இங்கு பேச விரும்புகிறோம். எமது சொந்தக் கதையைச் சொல்லாமல் அதைப் பேச இயலாது. வாசகர்கள் பொறுத்தருள்க.

நாம் 1997 இல் தனியாக இந்நாட்டுக்கு வந்து அகதி விண்ணப்பம் செய்தவர். துணைவியாரும் மகளும் வந்துசேர இரண்டு ஆண்டுகள் பிடித்தன. விமான நிலையத்தில் ஐந்து வயது மகள் எம்மைக் கண்டதும் தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஒன்றரை வயதில் அவளைத் தோளில் சுமந்துகொண்டு, 1995 ஐப்பசி 30 ஆம் நாள் இரவு, மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர் நாம். அதை அவள் அறியமாட்டாள். அவளுக்கு நாம் தொலைபேசியில் கேட்ட ஒரு குரல். அந்த அந்நியம் தீரச் சில மாதங்கள் சென்றன. 2000 இல் மகன் பிறந்தான்.

2004 மாசியில், அவனுக்கு நான்கு வயது நிரம்புமுன், அடிக்கடி காய்ச்சல் வந்தது. முகம் வெளிறியது. கால்களிலும் முதுகிலும் நீலம் பாரித்த கண்டல்கள் தோன்றின. விளையாட்டில் விழுந்திருப்பான் என்று நினைத்தோம். குடும்ப வைத்தியர் குருதியைச் சோதித்த அன்று மாலையே பெரிய வைத்தியசாலைக்குப் போகச் சொன்னார். பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களுள் மிகுதியாகக் காணப்படும் வகையே அவனுக்கும் வந்திருந்தது. என்புமச்சையில் முதிராத வெண்குழியங்கள் பெருகி நல்ல குருதி உண்டாகாமற் செய்யும் நோய் அது. 1960களில் இந்நோய் கண்ட பிள்ளைகளுட் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. இன்று வசதிபடைத்த நாடுகளில் பத்தில் ஒன்பது பிள்ளைகள்வரை பிழைக்கின்றனர். ஆனால் சிகிச்சை நீண்டது. இப்போது இருபாலாருக்கும் இரண்டு முதல் இரண்டரை ஆண்டுகள் அளவில் முடிப்பார்கள். அந்நாளில் ஆண்பிள்ளைகளுக்கு மூன்று ஆண்டுகளுக்கும் மேல் கொடுத்தார்கள். எமது மகன் அந்த நீண்ட வரிசையில் நின்றவன். அவன் பிழைத்தான். இன்று வளர்ந்த ஆண்மகன். அந்த நன்றியை எந்நாளும் மறவோம்.

மூன்று ஆண்டுகளுக்கு மேல் என்றால், நான்காம் வகுப்பில் இருக்கும் ஒரு பிள்ளை ஏழாம் வகுப்புக்குப் போய்விடும். எமது மகள் அந்த ஆண்டுகளை எவ்வாறு கழித்தாள் என்று எம்மைக் கேட்டால், அன்று நாம் பெருமையோடு சொல்லியிருப்போம்: "அவள் நல்ல பிள்ளை, ஒரு கரைச்சலும் இல்லை." உண்மையும் அதுவே. தானே எழும்புவாள். தானே தலையை வாருவாள். எட்டாம் மாடியில் இருந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் பிள்ளைகளோடு பாடசாலைக்குப் போவாள். துணைவியார் வைத்தியசாலையில் மகனோடு தங்குவார். நாம் தொழிற்சாலையில் இரவு வேலை. பிள்ளைக்கு வருத்தம் என்று வேலையை விட்டால் வாடகைக்கு வழியில்லை. கடும் நோயுற்ற பிள்ளையைப் பார்க்கும் பெற்றோருக்கு வேலைக் காப்புறுதியிலிருந்து முப்பத்தைந்து வாரங்கள்வரை உதவி கிடைக்கும் ஏற்பாடு 2013 இல்தான் வந்தது. கணக்கில் வராத கைக்காசுக்கு வேலை செய்வோருக்கு இன்றும் அது எட்டாது.

ஊரில் என்றால் என்ன நடந்திருக்கும்? மூத்தவளை அன்றே அம்மம்மா வீட்டுக்கு அனுப்பியிருப்போம். அங்கே சித்தி இருப்பாள், மச்சாள்மார் இருப்பார்கள், முற்றத்தில் மாமரம் இருக்கும். அப்பிள்ளை தாயை நினைத்து அழுதாலும் மடியில் தூக்கிவைக்க ஒருத்தி இருப்பாள். அந்த ஏற்பாட்டைப் போர் கலைத்துவிட்டது. அம்மம்மா ஊரில், சித்தி பாரிசில், மாமன் லண்டனில். இங்கே ஒரு பிள்ளை நோயில் விழுந்தால் மற்றப் பிள்ளை விழுவதற்கு ஓர் இடமில்லை. ஆகவே அது விழாமல் நின்றுகொள்ளப் பழகுகிறது. நாம் அதைக் கண்டு 'கெட்டிக்காரி' என்கிறோம்.

நோயின் நடைமுறையும் உடன்பிறந்தாருக்குப் பொல்லாதது. மருந்தினால் நோயெதிர்ப்புக் குன்றிய பிள்ளைக்குச் சாதாரணத் தடிமனே ஆபத்தாக முடியும். கொப்புளிப்பான் உயிருக்கே தீங்கு செய்யலாம். வகுப்பில் எவருக்காவது கொப்புளிப்பான் என்றால் உடனே அறிவிக்கும்படி வைத்தியசாலையில் சொல்லியிருந்தார்கள். அது சரியான அறிவுரை. நாம் அதற்கும் மேலே போனோம். பிறந்தநாள் விழாக்களுக்கு மகளை அனுப்பவில்லை. கூட்டாளிகளை வீட்டுக்கு விடவில்லை. அவள் தும்மினால் எமது முகங்கள் மாறின. ஒருமுறை மகனுக்குக் காய்ச்சல் வந்து நள்ளிரவில் கொண்டோடியபோது, "நீதான் பள்ளிக்கூடத்திலயிருந்து கொண்டுவந்திட்டாய்" என்று துணைவியார் சொல்லிவிட்டார். களைப்பில் வந்த ஒரு வார்த்தை. சொன்னவருக்கு அடுத்த நாளே மறந்துபோயிற்று.

இன்னொரு இரவைப் பற்றியும் சொல்லவேண்டும். துணைவியார் சுகயீனமாயிருந்ததால் நாம் மகனைத் தூக்கிக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினோம். மகளை விட்டுச்செல்ல ஆளில்லாமல் அவளையும் கூட்டிச் சென்றோம். எமது ஆங்கிலம் புத்தக ஆங்கிலம். கலைப்பட்டதாரியாகிய நாம் படித்ததும் படிப்பித்ததும் தமிழில். வைத்தியர் வேகமாகப் பேசினார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் அந்நேரம் இல்லை. பத்து வயது மகள் முன்வந்து எமக்குத் தமிழில் சொன்னாள்: "மருந்து குடுத்தால் காய்ச்சல் குறைஞ்சிடுமாம் அப்பா." நாம் ஆறுதலடைந்து கதிரையில் சாய்ந்து சற்றே கண்ணயர்ந்தோம். மறுநாட் காலை தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பிடித்துத் தந்தார்கள். முதல் நாளிரவு வைத்தியர் சொன்னது வேறு என்பது அப்போதுதான் தெரிந்தது. கிருமி குருதியில் கலந்திருக்கலாம், இந்த இரவு தாண்டவேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதைப் பத்து வயதுப் பிள்ளை கேட்டு விளங்கி, எம்மிடமிருந்து மறைத்து, விடியும்வரை தனியாக அறிந்துகொண்டு அந்தக் கதிரையில் விழித்திருந்தாள். நாம் என்ன செய்தோம்? பொய் சொன்னதற்காக அவளை ஏசினோம்.

பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக்குவது எம்மிடையே இன்னும் ஒழியவில்லை. வங்கியில், குடிவரவு அலுவலகத்தில் தொடங்கி வைத்தியசாலைவரை கொண்டுபோகிறோம். கடிதம் வாசிக்கச் சொல்வது வேறு. உடன்பிறந்தவனின் உயிரைப் பற்றிய செய்தியைப் பிள்ளையின் வாய்வழியே கேட்பது வேறு. இப்போது பெரிய வைத்தியசாலைகளில் தொலைபேசியிலோ திரையிலோ தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம். காத்திருக்கவேண்டி வந்தாலும் கேளுங்கள். 'என்ர பிள்ளை நல்லா இங்கிலீசு கதைப்பாள்' என்று தாதியிடம் பெருமைப்படாதீர்கள்.

நோயின் பெயரை மறைக்கும் வழக்கத்தையும் இங்கு சொல்லவேண்டும். எமது வீட்டில் 'புற்றுநோய்' என்ற சொல்லே ஒலிக்கவில்லை. 'தம்பிக்கு இரத்தம் குறைவு' என்றோம். வெளியில் யாரிடமும் சொல்லாதே என்று மகளுக்குக் கட்டளையிட்டோம். பின்னொரு நாள் சம்பந்தம் பேசும்போது, 'அந்தக் குடும்பத்தில் வருத்தம் இருக்கு' என்று எவராவது சொல்லிவிடுவர் என்ற அச்சம். கண்ணூறு வேறு. ஆகவே அவளுடைய வகுப்பாசிரியைக்கு ஒன்றும் தெரியாது. கணக்கில் எண்பது எடுத்தவள் ஐம்பதுக்கு இறங்கியபோது, அந்த ஆசிரியை சோம்பல் என்று குறிப்பெழுதியிருப்பார். எழுதினாரா என்பதுகூட எமக்குத் தெரியாமற் போனது. காரணத்தைப் பிறகு சொல்கிறோம்.

மறைத்தால் பிள்ளைக்குத் தெரியாது என்பது பெரியோரின் எண்ணம். பிள்ளை எல்லாவற்றையும் காண்கிறது. கதவு சாத்தியபின் தாய் அழும் ஒலியைக் கேட்கிறது. தம்பியின் தலைமயிர் உதிர்வதைக் காண்கிறது. காரணம் சொல்லப்படாதபோது தானே ஒரு காரணத்தைச் சமைத்துக்கொள்கிறது. அந்தக் காரணம் பெரும்பாலும் 'என்னால்தான்' என்பதாகவே இருக்கும். சிறு பிள்ளைகளோடு பழகிய எவரும் இதை அறிவர். நாமும் ஆறு ஆண்டுகள் வடமராட்சியில் படிப்பித்தவர். அறிந்திருக்க வேண்டியவர்.

எமது மகள் சமைத்துக்கொண்ட காரணத்தை நாம் அறிய இருபது ஆண்டுகள் அளவாயின. 2023 இல் ஒரு நாள், நடைபழகும் அவளுடைய குழந்தை மேசைக்காலில் இடித்து விழுந்தது. முழங்காலின் கீழ் ஒரு கண்டல். எந்தப் பிள்ளைக்கும் வருவதுதான். அவள் நடுங்கிப் போனாள். அன்றிரவே வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்க் குருதி சோதிக்கும்படி கெஞ்சியிருக்கிறாள். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி எம் வீட்டுக்கு வந்து சமையலறையில் இருந்து அழுதாள். எம் துணைவியார் கேட்கக் கேட்கத்தான் அது வெளியே வந்தது. 2004 தை மாதத்தில் ஒரு நாள் தொலைக்காட்சிக்காக அக்காவும் தம்பியும் சண்டை பிடித்திருக்கிறார்கள். அவள் அவனைத் தள்ளிவிட்டிருக்கிறாள். அவன் கட்டில் விளிம்பில் விழுந்தான். அடுத்த நாள் முதுகில் நீலக் கண்டல். பிறகு இன்னும் கண்டல்கள். பிறகு வைத்தியசாலை. "நான் தள்ளினதாலதான் எண்டு நினைச்சனான் அம்மா" என்றாள்.

வெண்குழியங்கள் பெருகி நிறைந்தபோது குருதிச் சிறுதட்டுக்கள் குறைந்துபோகின்றன. அவை குறைந்தால் சற்றே பட்டாலும் தோலின் கீழ் குருதி கசிந்து கண்டிவிடும். நோய் முன்பே வந்திருந்தது. அதனால்தான் கண்டல் வந்தது. இதை ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு இரண்டு நிமிடத்தில் விளங்கப்படுத்தலாம். ஒருவரும் விளங்கப்படுத்தவில்லை. வளர்ந்தபின் அவளே படித்து அறிந்துகொண்டாள். ஆயினும் அறிவு அறிந்ததை நெஞ்சு ஒப்புக்கொள்ளவில்லை என்றாள். அந்த மூன்று ஆண்டுகளும் அவள் கரைச்சல் தராத நல்ல பிள்ளையாக இருந்தது ஏன் என்று அன்றுதான் எமக்கு விளங்கிற்று. அவள் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தாள். நாம் அதற்குப் பாராட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அழுகை ஓய்ந்தபின் அவள் சிரித்தும் ஒன்று சொன்னாள். "அப்பா, உங்கட கையெழுத்து எனக்கு இப்பவும் போடத் தெரியும்." மேசையில் கிடந்த ஒரு கடித உறையின் பின்புறத்தில் போட்டுக் காட்டினாள். நாம் தமிழில் கையொப்பம் இடுபவர். சுழியும் வளைவும் அப்படியே வந்தன. நான்காம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்புவரை முன்னேற்ற அறிக்கைகள், சுற்றுலா அனுமதிப் படிவங்கள் யாவற்றிலும் அவளே ஒப்பமிட்டிருக்கிறாள். கட்டணம் கட்டவேண்டிய சுற்றுலாக்களுக்கு 'அனுமதியில்லை' என்ற கட்டத்தில் அடையாளம் இட்டு ஒப்பமிட்டாளாம். வகுப்பில் தகப்பனின் கையொப்பத்தைக் களவாகப் போட்டுவந்த பையன்களை ஒரே பார்வையில் பிடித்துவிடும் ஆசிரியர் என்று ஊரில் எமக்குப் பெயர் இருந்தது.

சரி, என்ன செய்திருக்கவேண்டும்? நோயுற்ற பிள்ளைக்கும் நோயில்லாப் பிள்ளைக்கும் நேரத்தைச் சரிபாதியாகப் பிரித்திருக்க வேண்டும் என்று எவரும் சொல்லமாட்டார். அது நடவாத காரியம், நியாயமுமன்று. நாற்பது பிள்ளைகள் இருந்த வகுப்பில் ஒருவனுக்கு எழுத்துக்கூட்டவே வராது. அவனோடு கூடுதல் நேரம் இருக்கத்தான் வேண்டும். மற்றவர்கள் முணுமுணுப்பார்கள். "இன்று இவரோடு இருக்கிறேன், வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்தில் உங்களுக்குக் கதை" என்று சொல்லி, வெள்ளிக்கிழமை அந்தக் கதையைச் சொல்லியும்விட்டால் முணுமுணுப்பு அடங்கிவிடும். குறைவாகக் கிடைப்பதைப் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வர். ஏன் குறைகிறது என்று தெரியவேண்டும், சொன்ன சிறுபங்கு தவறாமல் வரவேண்டும். எமது வீட்டில் சனிக்கிழமை காலை அரை மணித்தியாலம் அவளோடு ஒரு கோப்பித் தண்ணிக் கடையில் இருந்திருக்கலாம். வேலைமுடிந்து வரும் வழியில் ரிம் ஹோர்ட்டன்ஸ் இருந்தது. நாம் அங்கே தனியாக இருந்து கோப்பி குடித்துவிட்டு வந்த நாட்கள் எத்தனையோ!

உண்மையைச் சொல்லுங்கள் என்பதற்கு ஒரு மறுப்பு வரும். 'சின்னப் பிள்ளைக்குப் புற்றுநோய், மரணம் என்று சொல்லிப் பயப்படுத்துவதா?' வயதுக்குத் தக்கதாய்ச் சொல்லலாம். நோயின் பெயரைச் சொல்லவேண்டும். அது தொற்றாது, நீ செய்த எதனாலும் வரவில்லை என்று, பிள்ளை கேட்குமுன்னரே சொல்லவேண்டும். கேட்கும்வரை காத்திருந்தால் எம் மகளைப்போல் கேட்காமலே இருந்துவிடும். சொல்லத் தெரியாவிட்டால் வைத்தியசாலையில் சமூகப் பணியாளரும், பிள்ளைகளுக்கு விளையாட்டின் வழியே நோயை விளக்கும் பணியாளரும் இருக்கின்றனர். உடன்பிறந்தாருக்கும் விளக்கும்படி அவர்களைக் கேட்கலாம். நோர்வேயில் இதைச் சட்டமாகவே எழுதிவிட்டார்கள். நோயுற்ற பெற்றோரின் பிள்ளைகளைக் கவனிப்பது சுகாதாரப் பணியாளரின் கடமை என்று 2010 இல் வந்த ஏற்பாட்டை, 2018 இல் நோயுற்ற பிள்ளையின் உடன்பிறந்தாருக்கும் விரித்தார்கள். அங்குள்ள எம்மவர் அதைக் கேட்டுப் பெறுகிறார்களோ என்னவோ.

என்புமச்சை மாற்றவேண்டிய நிலை வரும் குடும்பங்களுக்கு இது இன்னும் முக்கியம். ஒரே தாய் தகப்பனின் பிள்ளைகளுள் ஒருவருடையது மற்றவருக்கு முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பே உண்டு. கொடையாளர் பதிவேடுகளில் தெற்காசியர் குறைவு. ஆகவே எம்மவர் வீடுகளில் உடன்பிறந்தவர்மேல் கண் பதிவது இயல்பு. பொருந்தாத பிள்ளை 'நான் உதவவில்லை' என்று நினைக்கும். பொருந்திய பிள்ளை, கொடுத்தும் பலிக்காவிட்டால் 'என்னுடையது கூடாத மச்சை' என்று நினைக்கும். சோதனைக்குக் கையை நீட்டச் சொல்லுமுன் இவற்றைப் பேசிவிடுங்கள்.

இன்னொரு வார்த்தை எம் தலைமுறையினருக்கே உரியது. மகள் ஒருமுறை சுற்றுலா போக முடியாமல் முகம் வாடியிருந்தபோது நாம் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது: "நாங்கள் ஷெல்லடிக்குள்ள பங்கருக்குள்ள இருந்து படிச்சனாங்கள். உனக்கு இது ஒரு கவலையே?" பதில் இல்லாத பேச்சு அது. போரில் பட்டவர் முன் எந்தப் பிள்ளைதான் தன் துயரைத் துயரென்று சொல்ல முடியும்? எமது வடுக்களை அளவுகோலாக்கிப் பிள்ளைகளை அளப்பதை விட்டுவிடவேண்டும். 2010 இல் கப்பலில் வந்தவர்களின் பிள்ளைகளும் இப்போது இங்கே வளர்கிறார்கள். அவ்வீடுகளிலும் இதே பேச்சுக் கேட்கிறது.

நோயுற்ற பிள்ளைக்குச் செல்லம் கொடுப்பதையும் சற்றே சொல்லவேண்டும். மருந்தின் வேகத்தில் மகன் இரவு இரண்டு மணிக்கு இடியப்பமும் சொதியும் கேட்பான். அவித்துக் கொடுத்தோம். அது சரி, அம்மருந்து பசியைக் கிளப்புவது. ஆனால் அக்காவின் புத்தகத்தைக் கிழித்தாலும் ஏசவில்லை, காறித் துப்பினாலும் ஏசவில்லை. அண்மையில் அவனே சொன்னான்: "எல்லாருக்கும் ஏச்சு விழ எனக்கு மட்டும் விழாததாலதான், நான் சாகப்போறன் எண்டு நினைச்சனான்." ஒரே செயலால் இரு பிள்ளைகளையும் வருத்தியிருக்கிறோம்.

புற்றுநோய் கண்ட பிள்ளைகளுக்கென ஒன்ராறியோவில் கோடை முகாம்கள் நெடுங்காலமாக நடக்கின்றன. உடன்பிறந்தாரையும் சேர்த்துக்கொள்வார்கள். அமெரிக்காவின் சியாற்றில் நகரில் டொன் மேயர் என்பவர் 1980களில் தொடக்கிவைத்த, உடன்பிறந்தாருக்கென்றே கூடும் விளையாட்டுக் கூட்டங்களும் பல நாடுகளுக்குப் பரவியுள்ளன. தன்னைப்போல் வேறு பிள்ளைகளும் உண்டென்று கண்டாலே பாதிச்சுமை குறையும். எமது மகளுக்கும் முகாமுக்கு அழைப்பு வந்தது. பெண்பிள்ளை இரவில் வெளியே தங்குவதா என்று மறுத்துவிட்டோம். அவ்வழைப்புத் தாளையும் அவள் வைத்திருந்தாளாம்.

பெற்றோரை மட்டும் குற்றஞ்சாட்டி என்ன பயன்? அவர்கள் இரண்டு கைகளாலும் ஒரு பிள்ளையின் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவது கை அயலவருடையதாகத்தான் இருக்கமுடியும். சோறு கொடுத்தனுப்பும் வீடுகள், கிழமைக்கு ஒரு பின்னேரம் மற்றப் பிள்ளையைத் தம் பிள்ளைகளோடு நீச்சலுக்கோ நூலகத்துக்கோ கூட்டிச் செல்லலாம். தமிழ்ப் பாடசாலை ஆசிரியர்கள், 'தம்பிக்கு எப்படி' என்று வகுப்பின் நடுவில் கேட்பதை விட்டு, அப்பிள்ளை எழுதிய கட்டுரையைப் பற்றிக் கேட்கலாம். நோய் விசாரிக்கப் போவோர் இரண்டு பொதி கொண்டுபோகலாம்.

அந்த ஸ்காபரோ வீட்டுத் தாயாருக்கு நேற்றுத் தொலைபேசி எடுத்தோம். மூத்த மகளுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டபோது, சற்று நேரம் பேச்சே வரவில்லை. பிறகு, "முந்தி கரம் அடிப்பாள், இப்ப ஆரோட அடிக்கிறது" என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வருகிறோம் என்று, தாயாரிடம் சொல்லாமல், அவளையே தொலைபேசிக்கு அழைத்துச் சொன்னோம். எமது கரம் பலகை நிலவறையில் பத்து வருடமாகக் கிடக்கிறது. துடைத்து எடுத்துவிட்டோம். சிவப்புக் காயைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.